பதினான்கு முனை நட்சத்திரமும் நான்கு தூண்களும்

மலேசியாவில் பூங்காவுக்கோ கல்லூரி வளாகத்துக்கோ ஒரு சிறு மண்டபம் வேண்டும் என்பவர்கள், இஸ்லாமியப் பண்பாடு தெரிய வேண்டும், நாட்டின் அடையாளமும் தெரிய வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முதல் வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: வெங்காய வடிவில் ஃபைபர் குவிமாடம், உச்சியில் பிறை, தூண்களில் கொடி நிறம். குவிமாடம் இந்த மண்ணுக்குப் பிந்தி வந்தது. கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசலை (1909) வரைந்த ஹப்பக், முகலாய வடிவங்களை எடுத்தாண்ட ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அதற்கு வெகுகாலம் முன்பே இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பிய மலாக்கா கம்போங் கிளிங் பள்ளிவாசலின் கூரையோ, அடுக்கடுக்காகக் குவியும் ஓட்டுக் கூரை. விடுதலைக்குப் பின் 1965-இல் திறந்த தேசியப் பள்ளிவாசலும் குவிமாடத்தை விட்டு, பாதி விரித்த குடை போன்ற மடிப்புக் கூரையைத்தான் எடுத்துக்கொண்டது.

சிறு மண்டபத்துக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானிலும் திரெங்கானுவிலும் சாலையோரம் இருக்கிறது. பெயர் வக்காஃப். பக்கச் சுவரில்லாத, தரையைவிட உயர்ந்த பலகைத் தளம், மேலே கூரை, வழிப்போக்கருக்கு ஒரு பானைத் தண்ணீர். நம் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் சேர்ந்தது போல. அறக்கொடை என்று பொருள்படும் அரபுச் சொல்லே இதற்குப் பெயராகிவிட்டது. யாரோ கொடுத்தது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இந்தக் கட்டடத்தின் இஸ்லாமியத் தன்மை அதுதான். உச்சியில் பிறையை வைத்தால் தொழுகைக்கூடம் என்று நினைத்து, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று பலர் வெளியிலேயே தயங்குவார்கள். பிறைக்குப் பதில் கிழக்குக் கரையின் பழைய கூரைகளில் உள்ள ‘பூவா பூத்தோன்’ என்ற கடைந்த முடி போதும்.

அளவுக்கு வருவோம். தூண் மையத்திலிருந்து தூண் மையம் 3.6 மீட்டர், அதாவது பன்னிரண்டடிச் சதுரம். 150 மி.மீ. சதுரத்தில் நான்கு தூண்கள். தளம் தரைக்கு மேல் 450 மி.மீ.; அதன் விளிம்பே திண்ணையாக உட்கார வரும். இறவாரம் 2.4 மீட்டர் உயரத்தில், 900 மி.மீ. வெளியே நீள வேண்டும். இங்கே மழை நேராக விழுவதில்லை. அதைக் குறைத்தால் திண்ணை நாள் முழுக்க ஈரம். கூரைச் சரிவு 40 டிகிரி. அப்போது கூரையின் உயரம் ஏறக்குறைய 2.27 மீட்டர், இறவாரத்துக்குக் கீழே இருக்கும் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். செலவைக் குறைக்க இதை 20 டிகிரியாக்கச் சொல்வார்கள். மண்டபம் பேருந்து நிறுத்தம் ஆகிவிடும் என்பது ஒரு பக்கம். சாந்து இல்லாமல் ரீப்பரில் கொக்கி போட்டுத் தொங்கும் மெல்லிய சிங்கோரா ஓடு அந்தச் சரிவில் ஒழுகும் என்பது மறுபக்கம்.

நான்கு பக்கமும் சரியும் கூரையில் தச்சர்கள் அடிக்கடி தவறுவது மூலைக் கைமரத்தில். பக்கச் சரிவு 40 டிகிரி என்பதால் அதையும் 40-க்கே வெட்டிவிடுகிறார்கள். மூலைவிட்டம் நீளம்; உயரமோ அதே உயரம். சரியான கோணம் 30.7 டிகிரி. தவறாக வெட்டிய முனை மேலே சேரும் இடத்தில் வாய் பிளந்து நிற்கும், அதற்குள் பிசின் பூசி மூடுவார்கள், இரண்டு மழைக்காலத்தில் பிசின் கழன்றுவிடும்.

மரம் என்றால் இங்கே முதலில் செங்ஙால். (செங்கல் என்று படித்துவிடாதீர்கள், வரைபடத்தில் தமிழில் எழுதினால் உண்மையிலேயே குழப்பம் வரும்.) கரையானும் மழையும் எளிதில் தொடாத மரம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன், ஆகவே 2.7 மீட்டர் தூண் ஒன்றே 55 கிலோவைத் தாண்டும். விலைக்குப் பயந்து மெர்பா மரத்துக்கு மாறுபவர்கள் முதல் சில மாத மழையில் அது காபி நிறச் சாறு விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கீழே வெள்ளைக் கல் பதித்திருந்தால் கறை போகாது. எந்த மரமானாலும் சாதாரண இரும்பு ஆணி கூடாது. மரச்சாறும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கண்ணீர்போல் வழியும். கழுந்தும் துளையும் மர முளையும் வைத்த பழைய இணைப்பே நல்லது. ஆணி தவிர்க்க முடியாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகு. தூணின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் எஃகுக் காலணியில் 20 மி.மீ. தூக்கி நிற்கட்டும். மரம் தண்ணீரைக் குடிப்பது அடிமுனை வழியாகத்தான்.

இனி விதானத்தில், அதாவது கூரைக்கு அடியில் வரும் உள்தளத்தில், செய்யும் நட்சத்திரம். கொடியில் உள்ள கூட்டரசு நட்சத்திரத்துக்கு 14 முனை. 1950-இல் பதினொன்றாக இருந்தது, 1963-இல் மலேசியா உருவானபோது பதினான்கானது. இஸ்லாமிய வடிவியலோ 6, 8, 10, 12, 16 போன்ற எண்களையே அதிகம் விரும்பும். 14 முனைக் கோலங்கள் இருந்தாலும் அரிது. காரணம் எளிது: வட்டத்தை ஏழாகப் பிரிக்கக் கவராயமும் கோலும் மட்டும் போதாது. பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் பக்கத்தில் பாதியை எடுத்து வட்டத்தைச் சுற்றி ஏழு தடவை நகர்த்துவது. காகிதத்தில் பிசகு தெரியாது. 1.2 மீட்டர் ஆரமுள்ள விதானத்தில் ஒவ்வொரு நகர்த்தலும் 2 மி.மீ. குறைந்து, கடைசி இடைவெளி மற்றவற்றைவிட 15 மி.மீ. கூடிவிடும். கண் அதை உடனே பிடிக்கும். பட்டைச் சட்டத்தில் இரண்டு ஆணி அடித்து 1041.3 மி.மீ. வைத்துக்கொண்டால் வட்டம் முடிந்த இடத்தில் முடியும். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் 14.

அந்த 14 புள்ளிகளை எப்படி இணைப்பது? ஒவ்வொன்றையும் அதிலிருந்து ஆறாவது புள்ளியோடு இணைத்தால் முனை 25.7 டிகிரி, ஊசி. மரத்தில் அந்த நுனி இழை குறுக்கே ஓடும் இடத்தில் ஒடிந்துவிடும். நான்காவதோடு இணைத்தால் தடித்த உருவம் வரும். அதுவும் தனித்தனியான இரண்டு ஏழுமுனை நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுதான். ஐந்தாவதோடு இணைத்தால் முனை 51.4 டிகிரி, உறுதியாக நிற்கும். அதோடு பென்சிலைத் தூக்காமல் ஒரே கோடு பதினான்கையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். 13 மாநிலங்களையும் கூட்டரசையும் குறிக்கும் நட்சத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோடு கிடைக்காது. விளக்கப் பலகை இல்லாமலே பொருள் தெரியும்.

விதானத்தை 14 ஆப்புகளாகச் செய்வது வசதி. ஒவ்வொரு பக்கமும் வெட்டுக் கோணம் 12.86 டிகிரி. ரம்பத்தை 13-க்கு வைத்துவிட்டு இதற்கென்ன என்பார்கள். 28 வெட்டுகளில் 4 டிகிரி சேர்ந்து, கடைசி ஆப்பு உள்ளே போகாது. முதலில் கழிவுப் பலகையில் முழு வளையமும் அடுக்கிப் பார்க்க வேண்டும். ஆப்புகளுக்கிடையே 3 மி.மீ. விடவும், மழைக்காலத்தில் மரம் உப்பும். நடுவில் எல்லா நுனிகளும் சேரும் இடம் பலவீனமானது, 300 மி.மீ. குமிழ் ஒன்றால் மூடலாம். செம்பருத்தி தேசிய மலர், ஐந்து இதழ். ஐந்தும் பதினான்கும் எந்த மூட்டிலும் ஒத்துப்போகாது. அதனால் பூவைத் தனி மரத்தில் செதுக்கி மேலே பொருத்துவதுதான் வழி.

இறவாரத்துக்குக் கீழே வரும் துளைச் செதுக்குப் பலகைகளுக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம், விளிம்பு பிஸ்கட் போல ஊறும். கெட்டி மரத்தில் 20 மி.மீ. கனம், எந்தப் பட்டையும் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கணினி இயக்கும் சி.என்.சி. செதுக்கு இயந்திரத்தில் 6 மி.மீ. வெட்டுமுனை போட்டால் உள்மூலை ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆரத்தில் உருண்டு நிற்கும். கோலம் சோப்பு கரைந்ததுபோல் தெரியும். கடைசியில் உளி பிடித்தவர் ஒருவர் மூலைகளைத் திறக்க வேண்டும், அந்தக் கூலியைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதுங்கள். இலைக்கொடி வேலைப்பாட்டில் மலாய்ச் செதுக்கர்களின் மரபு ஒன்று உண்டு: தளிரின் நுனி பக்கத்துத் தளிரைக் குத்தாமல் தன்மேலேயே சுருள வேண்டும். கணினியில் நகலெடுத்துத் திருப்பி ஒட்டும்போது இது முதலில் உடைகிறது.

எதை எங்கே வைக்கக் கூடாது என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். நட்சத்திரமோ கொடி நிறமோ தரையில் வந்தால் மிதிபடும். குர்ஆன் வரி திண்ணைச் சாய்வில் வந்தால் முதுகு படும். இரண்டுமே திறப்பு விழா அன்றைக்குத்தான் யாராவது கண்ணில் படும், பெயர்த்தெடுப்பது இருமடங்கு செலவு. விதானம்தான் பாதுகாப்பான இடம்.

அங்கேயும் ஒரு சிக்கல். 14 நான்கால் வகுபடாது. ஆகவே சதுரத்துக்குள் நட்சத்திரத்தின் முனை இரண்டு எதிரெதிர் உத்திரங்களின் நடுவை நோக்கும். மற்ற இரண்டை நோக்கிப் பள்ளம்தான் வரும். இதைக் குறை என்று மறைக்க 16 முனையாக்கியவர்கள் உண்டு. அது கொடி நட்சத்திரமே இல்லை. முனைகள் காட்டும் அச்சை, தொழுகையில் மெக்காவின் காபாவை நோக்கும் திசையான கிப்லாவின் கோட்டில் வைத்தால் அந்த வேறுபாட்டுக்கே ஒரு வேலை கிடைத்துவிடும். கோலாலம்பூரிலிருந்து அது வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாக ஏறக்குறைய 292.5 டிகிரி. பாதை அந்தத் திசைக்கு ஒத்துவராவிட்டால் பாதையை வளைக்கலாம். சதுரத்துக்குள் நட்சத்திரத்தை மட்டும் திருப்பினால் அடுத்தடுத்த மூலைகள் வேறு வேறு விதமாகிவிடும்.

கைப்பேசித் திசைகாட்டியைத் தளக் கம்பிகளுக்கு மேல் நம்ப முடியாது. ஆண்டில் இரண்டு தடவை, மே 28, ஜூலை 16 வாக்கில், சூரியன் காபாவுக்கு நேர் மேலே வரும். மலேசிய நேரம் மே மாதம் மாலை ஐந்தேகால், ஜூலையில் ஐந்தரை வாக்கில். தூக்குக் குண்டு பார்த்து நட்ட ஒரு கோலின் நிழலைத் தரையில் கோடிட்டால் போதும். நிழல் விழுவதற்கு எதிர்ப்புறம் கிப்லா. தளம் ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டு, கோட்டை இரண்டு கல்லில் குறித்து வைக்க வேண்டும். மண்டபம் முடிந்ததும் மீந்த சிங்கோரா ஓடுகளைத் தளத்துக்கு அடியிலேயே அடுக்கிவிடுங்கள், ஐம்பது ஓடாவது இருக்கட்டும். அந்த ஓட்டைச் செய்பவர்கள் இப்போது மிகச் சிலர்தான்.