‘அக்கவுன்ட் ஃபார்’ என்றால் கணக்கு இல்லை

என் ஃபைலில் ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் சான்றிதழ் இருக்கிறது. கல்லூரிப் பாடம் தொடங்கும் முன் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தயார்செய்யும் வகுப்பு அது. பத்து நாளும் கலந்துகொண்டேன் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த வகுப்பில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

2023-ல் இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் எனக்கு பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்தது. வேலூரில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். விண்ணப்பம், ஃபீஸ் எல்லாம் எல்லாருக்கும் போலத்தான் நடந்தது. பிளஸ் டூ வரைக்கும் அணைக்கட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள் நான். இங்கே பாடம், போர்டு, வினாத்தாள் எல்லாமே இங்கிலீஷ். அதனால் ஆபீசில் முதலில் கேட்டதே பிரிட்ஜ் கோர்ஸ் எப்போது என்றுதான்.

“அது போன வாரமே முடிஞ்சிபோச்சிம்மா. இந்த ஷீட்ல கையெழுத்து போட்டுட்டுப் போ, சர்டிஃபிகேட் வந்துடும்.”

போட்டுவிட்டு வந்தேன். என் தப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இரண்டாம் கட்டத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் மார்க் குறைந்தவர்கள். அந்த வகுப்பு யாருக்கு வேண்டுமோ அவர்கள் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடுகிறது. நீங்கள் தாமதமாகச் சேர்ந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து துறைத் தலைவரைப் பார்த்து, மறுபடி நடத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எங்கள் ஜூனியர்கள் அப்படிக் கேட்டு ஐந்து சனிக்கிழமை வாங்கினார்கள்.

முதல் இன்டர்னலில் 50-க்கு 11. அதில் ஒரு கேள்வி இன்றைக்கும் எரிகிறது. ‘அக்கவுன்ட் ஃபார் தி ஸ்ஃபெரிக்கல் ஷேப் ஆஃப் ரெயின் டிராப்ஸ்.’ எனக்குத் தெரிந்த அக்கவுன்ட் ஒன்றுதான், அரசின் புதுமைப்பெண் திட்டப் பணம் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் பாங்க் அக்கவுன்ட். சரி, ஏதோ கணக்குப் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆரம் கொடுக்கவில்லை, எத்தனை துளி என்று கொடுக்கவில்லை, எதை வைத்துக் கணக்குப் போடுவது? கால் மணி நேரம் போனது. மழைத்துளி ஏன் கோளமாக இருக்கிறது என்று தமிழில் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட எழுதியிருப்பேன்: பரப்பு இழுவிசை பரப்பைச் சுருக்கப் பார்க்கும், ஒரே பருமனுக்குக் குறைந்த பரப்பு கோளத்துக்குத்தான். பிளஸ் ஒன்னில் படித்ததுதானே.

ஒரு சாரிடம் போய்ச் சொன்னேன். “இது காலேஜ்மா, இங்கிலீஷை இம்ப்ரூவ் பண்ணு” என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

நான் செய்த முட்டாள்தனம் அதற்கு அப்புறம்தான். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர், நாலாயிரம் ரூபாய். நாலு மாத புதுமைப்பெண் பணம் அப்படியே போனது. அம்மா ஷூ கம்பெனியிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. வகுப்பு முடிந்து பஸ் பிடித்தால் ஊசூர் தாண்டும்போதே இருட்டிவிடும். சொல்லிக் கொடுத்தது என்ன? ஹோட்டலில் எப்படி ஆர்டர் செய்வது, நம்மை எப்படி அறிமுகம் செய்துகொள்வது. வகுப்பில் என்னிடம் யார் தோசை கேட்டார்கள்? மூன்றாவது வாரம் நின்றுவிட்டேன். பணத்தைக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ‘திருப்பித் தரப்படாது.’ கட்டும் முன் ரசீதைத் திருப்பிப் பாருங்கள்.

வழி பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பாப்பாவின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். 7-வது அலகு: ‘பிராப்பர்ட்டீஸ் ஆஃப் மேட்டர்’. கல்லூரியில் எங்கள் முதல் தாளின் பெயரிலும் அதேதான்! நான் தமிழில் படித்த ‘பருப்பொருளின் பண்புகள்’. அதே படம், அதே வரிசை, அதே சமன்பாடு. மொழி மட்டும் வேறு. தகைவுதான் ஸ்ட்ரெஸ், திரிபுதான் ஸ்ட்ரெயின், பாகுநிலைதான் விஸ்காசிட்டி. ஸ்ட்ரெஸ் என்றதும் மன அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புத்தகம் எனக்கென்று ஒன்று வேண்டுமென்று அலைந்தது தனிக்கதை. என் பழைய பள்ளியில் “படிக்கிற பசங்களுக்கே பத்தல” என்றார்கள், கடையில் “ஜூன்ல வாங்க” என்றார்கள். கடைசியில் பார்த்தால் பாடநூல் கழகப் புத்தகங்கள் இரண்டு மீடியத்திலும் இலவசமாக போனில் இறங்குகின்றன. வேண்டிய அலகை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, தமிழ்ப் பக்கத்தை இடதுபக்கமும் இங்கிலீஷ் பக்கத்தை வலதுபக்கமும் வைத்து ஒன்றாகத் தைத்துக்கொண்டேன். தமிழில் ஒரு பத்தி, உடனே இங்கிலீஷில் அதே பத்தி. அகராதி தேவைப்படவே இல்லை. அதே தாளில் வரும் சவுண்டு பகுதிக்கு 11-வது அலகு, ‘அலைகள்’.

அப்புறம் பழைய வினாத்தாள்களை எடுத்து, பாடத்தை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் எழுதினேன். இருபதுகூடத் தேறவில்லை. ‘ஸ்டேட்’ என்றால் விதியைச் சொன்னால் போதும், நிரூபிக்க உட்காராதீர்கள். ‘டிரைவ்’ வந்தால் ‘சமன்பாட்டைப் பெறுக’, படிகள் வேண்டும். ‘டிஸ்டிங்விஷ்’ என்றால் ‘வேறுபடுத்துக’, நடுவில் கோடு போட்டு எழுதுங்கள். ‘அக்கவுன்ட் ஃபார்’ வெறும் ‘காரணம் கூறுக’. பள்ளியில் எத்தனை முறை எழுதியிருப்போம்!

இரண்டாவது இன்டர்னலில் 34. செமஸ்டரில் 75-க்கு 41. வகுப்பில் அது பெரிய மார்க் இல்லை, எனக்குப் பெரியது.

பிராக்டிகல் வைவா மட்டும் இன்னும் உதறுகிறது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ‘வாட் இஸ் யங்ஸ் மாடுலஸ்’ என்றார். ‘ஸ்ட்ரெஸ் பை ஸ்ட்ரெயின்’ என்று மூன்று சொல்லில் முடித்தேன். மேலே கேட்டுவிடுவாரோ என்று ஸ்க்ரூ கேஜைத் திருகிக்கொண்டே நின்றேன். “நெக்ஸ்ட்” என்றார். எனக்கா, பக்கத்தில் நின்ற பெண்ணுக்கா என்று புரியாமல் இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன்.