மாஸ்டர் இறங்கிப் போன பிறகு

டிரைவிங் ஸ்கூலில் படித்த நாட்களில் வண்டியை உண்மையில் யார் ஓட்டினார்கள் என்பது உடனே தெரியாது. லைசென்ஸ் கைக்கு வந்து, ஒரு பழைய மாருதி 800 வாசலுக்கு வந்து, அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோகும்போதுதான் தெரியும். ஓட்டியது மாஸ்டர். நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

பயிற்சி வண்டியில் இடது பக்க சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இருக்கவேண்டும் என்பது சட்டம். மாஸ்டர் பேப்பர் படிப்பார், போன் பேசுவார், ஜன்னல் வழியாக வடை வாங்குவார்; அவருடைய கால் மட்டும் டூட்டியிலேயே இருக்கும். சிக்னலில் நாம் பிரேக்கை மட்டும் மிதித்து கிளட்சை மறந்திருப்போம். வண்டி ஆஃப் ஆகாது, ஏனென்றால் அவர் மிதித்திருப்பார். "பரவாயில்லையே, நமக்கு நல்லா வருதே" என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வளரும். அந்தப் பெருமையோடு போய் சொந்தக் காரில் உட்கார்ந்தால், கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு முறை ஆஃப். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர் துணியை மறந்துவிட்டு நிற்பார்.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே முதல் கார் என்றால் இந்த 800தான். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குல வீல். எடை குறைவு என்பதால் பழகுவதற்கு நல்ல வண்டி. கோணலாக நிறுத்திவிட்டால் நாலு பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். இதைப் பார்க்கிங் முறையாகவே கடைப்பிடித்த தெருக்கள் உண்டு.

மாஸ்டர் செய்த வேலையில் முக்கால்வாசி கிளட்ச் வேலை. அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகாமல், ஆளில்லாத சமதளமான மைதானத்துக்குப் போவது உத்தமம். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றி கிளட்சை மெல்ல விடவேண்டும். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், பானெட் லேசாக நடுங்கும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கேயே காலை நிறுத்தி மூன்று எண்ணினால் வண்டி தானாக ஊரத் தொடங்கும். ஐட்லிங்கில் வருகிற சக்தியே இந்தக் குட்டி வண்டிக்குச் சமதளத்தில் போதும். திரும்ப மிதித்து, நிறுத்தி, மறுபடி. இருபது முறை செய்தால் இடது கால் வலிக்கும், ஆனால் அந்த இடம் காலுக்கு மனப்பாடமாகிவிடும். புது ஆட்கள் செய்வது என்னவென்றால், குதிகாலை ஊன்றாமல் முழங்காலோடு காலைத் தூக்கிவிடுவார்கள். கிளட்ச் ஒரே பாய்ச்சலில் பிடிக்கும், வண்டி தவளை போலக் குதித்து நின்றுவிடும்.

செருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ரப்பர் செருப்பு கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்காரும். பின்சீட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து அதே இடத்தைத் தேடும். பெடலுக்கு அடியில் ஏதாவது இருந்தால் பிரேக் முழுசாக இறங்காது. பாட்டிலைக் கதவுப் பையில் வையுங்கள், செருப்பைக் கழற்றினால் டிக்கியில் போடுங்கள்.

அடுத்தது மேடு. சென்னைக்காரர்களுக்குக் கோடம்பாக்கம் மேம்பாலம்; மற்ற ஊர்களில் ஆளுக்கொரு ரயில்வே பாலம் இருக்கும். ஏறுகிற பாதியில் நெரிசல் நிற்கும். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ அரையடி இடைவெளியில் முகர்ந்துகொண்டு வந்து நிற்கும். நீங்கள் புதுசு என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தள்ளி நிற்கப்போவதில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான ஆட்கள் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றுகிற அரை நொடியில் வண்டி பின்னால் உருளுமே என்று பயந்து, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து, அந்த மேட்டிலேயே வண்டியைத் தொங்கவிடுவார்கள். உருளாது, உண்மைதான். ஆனால் கிளட்ச் தட்டு அத்தனை நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் ஒரு கருகல் வாடை வரும். "முன்னாடி லாரியில ஏதோ எரியுது" என்று வண்டிக்குள் இருக்கிற எல்லோரும் ஒருமனதாக முடிவுசெய்வார்கள்.

சரியான முறை ஹேண்ட் பிரேக்தான். நின்றவுடன் இழுத்துவிட்டு இரண்டு காலையும் ஆசுவாசப்படுத்துங்கள். முன்வண்டி நகர்ந்ததும் முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சினைச் சீராக உறுமவிடுங்கள். கிளட்சை அந்தப் பிடிக்கிற இடம் வரை விடுங்கள். சத்தம் கம்மி, வண்டியின் முதுகு லேசாகத் தாழும். ஹேண்ட் பிரேக்கை எதிர்த்து வண்டி முன்னே இழுக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது பிரேக்கை இறக்கினால் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்த பழைய வண்டியில் இதெல்லாம் நடக்காது. லீவரை வானம் பார்க்க இழுத்தாலும் வண்டி உருளும். ஆகவே வாங்கியவுடன் பட்டறையில் முதலில் இறுக்கச் சொல்லவேண்டியது அந்தக் கேபிளைத்தான். ஆடியோ சிஸ்டம் பிறகு.

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வண்டிக்காரர் வழிவிடுவார். வழி கிடைத்தும் போகமுடியாது.

ரிவர்ஸுக்கு வருவோம். இங்கே சிக்கல் வண்டியில் இல்லை, வழிகாட்டுபவர்களிடம் இருக்கிறது. காரை உள்ளே விடுகிறோம் என்றால் வீட்டில் உள்ளவர்கள், வாட்ச்மேன், சைக்கிளில் போனவர் எல்லோரும் இறங்கி வேலைசெய்வார்கள். "வா வா வா... ரைட்ல ஒடி... வரலாம்... இன்னும் வரலாம்..." அப்புறம் ஒரு 'டொக்'. அதற்குப் பிறகு நிதானமாக "போதும்". அவர் சொன்ன ரைட் அவருடைய ரைட்டா, டிரைவருடைய ரைட்டா என்ற விசாரணை ராத்திரிச் சாப்பாடு வரை நடக்கும். ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். அவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகம் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். முகம் மறைந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் ஒப்பந்தம். பழைய வண்டிகள் பலவற்றில் இடது பக்கக் கண்ணாடியே இருக்காது; ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருக்க, இடிபடுவது பெரும்பாலும் முன்பக்கம். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்புறம் இடப்புறம் போகும், மூக்கு வலப்புறம் வீசும். கேட் தூணில் பெயின்ட் அடையாளம் பதிவது அந்த முன் மட்கார்டால்தான். பின்பக்கம் உள்ளே நுழைந்ததும் ஒருமுறை முன் மூலைகளைப் பார்க்கவேண்டும். வேகத்துக்கு ஆக்சிலேட்டர் வேண்டாம், கிளட்ச் போதும். வலது கால் பிரேக்கின் மேல் காத்திருக்கட்டும்.

ஓட்டுகிறவர் பாடு இப்படியென்றால், இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பாடு தனி. மாஸ்டரின் இடத்தில் இப்போது மச்சானோ மாமனாரோ இருப்பார். பஸ் குறுக்கே வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தும். அங்கே பெடல் இல்லை என்று அவருக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அம்பாசடர் ஓட்டிப் பழகிய பெரியப்பா. அவர் சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் சரிதான். அம்பாசடரில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் பற்கள் உரசாமல் சேர உதவுகிற அமைப்பு) கிடையாது, ஓடும்போது இறக்கினால் பல்லைக் கடிக்கும்; அதனால் அவர் இரண்டுமுறை கிளட்ச் மிதித்தார். இந்த வண்டிக்கு அது வேண்டியதில்லை. அது வீண் வேலை மட்டும். ஆனால் "இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் பண்ணிடு, பெட்ரோல் மிச்சம்" என்பாரே, அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எஞ்சின் ஓடவில்லையென்றால், பிரேக் மிதியை இலகுவாக்குகிற பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதியில் பிரேக் பெடல் கல்லாகிவிடும். சாவியைத் தவறிக் கழற்றினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எந்நேரமும் பிரேக்கை மிதித்தபடி வந்தால் சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காது. பெரியப்பாவிடம் நேரடியாக மறுக்காமல், "அடுத்த வளைவுல பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே அடிவாரம் வந்துவிடலாம்.

2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற எலெக்ட்ரானிக் ஏற்பாடு) வருவதற்கு முந்தைய 800 என்றால் டேஷ்போர்டில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தருகிற ஒரு சோக் குமிழ் இருக்கும். மார்கழிக் காலையில் அதை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்கவேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்கி, பின்னால் கரும்புகை, பிளக்கில் கரி. "இந்த வண்டி மைலேஜே தரலை" என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால், அவர் பானெட்டைத் திறக்காமல் நேரே குமிழைத்தான் பார்ப்பார்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்ற பதற்றத்தில் ஆக்சிலேட்டரை நாலைந்து முறை குத்தினால் பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும். வண்டியைச் சுற்றி வாடை அடிக்கும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்து, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். காற்று நிறைய உள்ளே போய் மிச்சப் பெட்ரோலை இழுத்துத் தள்ளிவிடும். குத்தக் கூடாது. சும்மா மிதித்தபடி.

சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிரான தொல்லை. நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், ஃபேன் சுற்றாது. முந்தைய ஓனர், சூடேறியதும் ஃபேனை ஓடவிடுகிற தெர்மோ சுவிட்ச் கெட்டதும் புதுசு போடாமல், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்து நேரடியாக ஒயர் இழுத்திருப்பார். அதை வாங்கியவரிடம் சொல்ல மறந்திருப்பார். அந்த சுவிட்சைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுவேகத்தில் போடுங்கள். எஞ்சின் சூட்டை வண்டிக்குள் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. முள் இறங்கும், உள்ளே இருக்கிற உறவினர்கள் ஏறுவார்கள். ஓரம்கட்டிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்த தண்ணீர், மூடி திறந்த கணத்தில் முகத்துக்கு வரும். அரைமணி நேரமாவது போகட்டும்.

கடைசியாகத் தள்ளு ஸ்டார்ட். பேட்டரி இறங்கிவிட்டால் சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு தள்ளச் சொல்லவேண்டும். முதல் கியரில் வீல் பூட்டினாற்போல உதறும், அதனால் இரண்டாவது. ஓட்டமாக வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எஞ்சின் பிடித்ததும் உடனே திரும்ப மிதித்துவிட வேண்டும். இந்தத் திரும்ப மிதிப்பதைத்தான் மறப்பார்கள். தள்ளியவர்கள் கையை எடுப்பதற்குள் வண்டி தாவி ஓடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும்.

தள்ளுவதற்கு ஆள் கிடைக்காத தெருவில் இருப்பவர்கள் ராத்திரியே வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவார்கள். ஹேண்ட் பிரேக், ரிவர்ஸ் கியர், முன் வீலுக்கு ஒரு கருங்கல். காலையில் நியூட்ரலில் உருளவிட்டு, வேகம் வந்ததும் இரண்டாம் கியர் போட்டு கிளட்சை விட்டால் வேலை முடிந்தது. உருளவில்லை என்றால் மெக்கானிக்குக்குப் போன் போடுவதற்கு முன் இறங்கிப்போய், அந்தக் கல்லை எடுத்தோமா என்று பார்ப்பது நல்லது.