வாத்தியாருக்கு வந்த மொட்டை மெயில்

கடலூர் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கிற ஜெராக்ஸ் கடைகளுக்கு ஆதார் பிரிண்டுக்கு அடுத்தபடியா வர்ற கேஸ், “தம்பி, இந்த மெயில் என்னா சொல்லுதுன்னு பாரு”ங்கிறதுதான். மஞ்சக்குப்பத்து ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் கொண்டு வந்தது அந்த ரகத்துலயே உச்சம். ‘குடை பேராயர் புதன்கிழமை வெண்ணெய் அணிவகுப்பு’ங்கிற தினுசுல இங்கிலீஷ் வார்த்தைகள், இருபது வரிக்கு. எழுவாயும் இல்ல, பயனிலையும் இல்ல. ராத்திரி முழுக்க அகராதியைப் புரட்டிப் பதவுரை எழுதி, நோட்டோட வந்திருந்தார். வீட்டம்மா அதுக்குள்ள செய்வினைன்னு முடிவுகட்டி எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாச்சாம்.

கடைப் பையன் ஒரு பார்வைதான் பார்த்தான். “சார், இது உங்களுக்கு எழுதுனதே இல்ல. ஃபில்டருக்கு எழுதுனது.”

வாத்தியார் முகம் தொங்கிப்போச்சு. நம்மள மதிச்சு ஒருத்தன் சாபம் விட்டான்னா அதுலயும் ஒரு கௌரவம் இருக்குல்ல!

விஷயம் இதுதான். ஸ்பேம்னா நாம கேக்காமலே வந்து விழுற குப்பை மெயில்; அதைச் சலிச்சு ஒதுக்குற சாஃப்ட்வேர்தான் ஃபில்டர். ஸ்பேமைப் பிடிக்க வார்த்தைகளை எண்ணிப் பார்க்கிற முறையைப் பிரபலமாக்கினது 2002-ல பால் கிரஹாம்ங்கிற புரோகிராமர் எழுதின ஒரு கட்டுரை. ஒவ்வொரு வார்த்தையும் ஸ்பேம்ல எத்தனை தடவை வருது, நல்ல மெயில்ல எத்தனை தடவை வருதுன்னு கணக்கு வெச்சுக்கணும். புது மெயில் வந்தா, அதுல ரொம்பத் துலக்கமா காட்டிக்கொடுக்கிற 15 வார்த்தைகளை எடுத்து மார்க் போடணும். ‘லாட்டரி’ வந்தா மார்க் ஏறும்; ‘அம்மா’, ‘மீட்டிங்’ வந்தா இறங்கும். ஸ்பேம்காரன் சும்மா இருப்பானா? மார்க்கை இறக்கச் சாதுவான வார்த்தைகளை அள்ளிக் கொட்டி, விளம்பரத்தைப் படமா ஒட்டிட்டான். பாலுக்குத் தண்ணி கலக்கிற அதே கணக்கு.

கோளாறு எங்கன்னா, மெயிலுக்குள்ள பெரும்பாலும் ரெண்டு பிரதி இருக்கும்: அலங்காரம் பண்ணினது ஒண்ணு, வெறும் எழுத்து ஒண்ணு. போன்ல படம் தெரியாதபடி செட்டிங் இருந்தா விளம்பரம் காணாமப்போய் கொட்டின தண்ணி மட்டும் நிக்கும். வாத்தியார் உரை எழுதினது அந்தத் தண்ணிக்கு. சில பேர் வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தா ஒளிச்சு வைப்பான். காலியா இருக்கிற இடத்துல விரலை அழுத்திப் பிடிச்சு ‘செலக்ட் ஆல்’ கொடுங்க. நீலக் கோட்டுக்குள்ள வரிவரியா எழுத்து எழுந்து வரும். வாத்தியார் வீட்டம்மாகிட்ட இதைக் காட்டக் கூடாது.

இப்ப ஃபில்டருங்க வார்த்தையோட நிக்கிறதில்ல, அனுப்பின சர்வரோட, அதாவது மெயிலை அனுப்பி வாங்குற கம்ப்யூட்டரோட, யோக்கியதையையும் பார்க்குது. அதனால இந்த வித்தை பாதி செத்துப்போச்சு. பழைய சாஃப்ட்வேரை வெச்சுப் பிழைக்கிறவன் இன்னும் ஓட்டிக்கிட்டுதான் இருக்கான்.

ஆனா இது எதுக்கும் அடங்காத ஒண்ணும் உண்டு. 1996 ஆகஸ்ட்ல யூஸ்நெட்ங்கிற பழைய இன்டர்நெட் அரட்டைக் குழுக்கள்ல ‘மார்க்கோவியன் பாரலாக்ஸ் டெனிக்ரேட்’ங்கிற தலைப்புல நூத்துக்கணக்கா இதே மாதிரி வார்த்தைக் குப்பை வந்து விழுந்துச்சு. ஏமாத்துறதுக்கு அப்ப இந்த மாதிரி ஃபில்டரே புழக்கத்துல இல்ல, விக்கிறதுக்குச் சரக்கும் இல்ல. யார், எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எல்லா மர்மமும் இப்படி நிக்கிறதில்ல. யூடியூப்ல சிவப்பு, நீலக் கட்டங்களோட கீச்சுன்னு கத்துற 11 விநாடி வீடியோக்களா வந்துச்சே, ‘வெப்டிரைவர் டார்சோ’, அது உளவாளி வேலைன்னு எல்லாம் கிளப்பிவிட்டாங்க. 2014-ல கூகுளே ‘எங்க டெஸ்டிங்தான்’னு ஒத்துக்கிச்சு.

ஒண்ணுமே எழுதாத காலி மெயில் சர்வருக்கு எழுதுனது. அந்த முகவரியில ஆள் இல்லன்னா சர்வர் 550-னு திருப்பிவிடும். இருந்தா 250-னு வாங்கிக்கும். வாங்கினா உங்க பேர் ஸ்பேம்காரனோட ‘உயிரோட இருக்கு’ லிஸ்ட்ல ஏறிடும். பதில் போடாதீங்க, ‘அன்சப்ஸ்கிரைப்’பையும் தொடாதீங்க, ஸ்பேம்னு தட்டிவிடுங்க. ‘அன்புள்ள எஃப்நேம்’னு வந்தா அவனோட பேர் நிரப்புற மெஷின் மக்கர் பண்ணுதுன்னு அர்த்தம்.

உங்க முகவரியிலேருந்தே உங்களுக்கு மிரட்டல் வந்தாலும் பதற வேணாம். ‘அனுப்புநர்’ இடத்துல யார் பேரையும் எழுதலாம். கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து, மூணு புள்ளியில ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்தா அனுப்புநர் நெசமான்னு பார்க்கிற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்ங்கிற மூணு சோதனையும் பாஸா ஃபெயிலான்னு தெரியும். போன் ஆப்ல இந்த வசதி கிடையாது. உள்ள உங்க பழைய பாஸ்வேர்டு இருந்தா, எங்கியோ கசிஞ்ச லிஸ்ட்லேருந்து எடுத்தது. அதை எங்கெல்லாம் போட்டிருக்கீங்களோ அங்கெல்லாம் மாத்துங்க. காசு போயிருந்தா உடனே சைபர் குத்த உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு மர்மம் இருக்கு. புதுச்சேரி லாஸ்பேட்டையில ஒருத்தர் பைக் வாங்குவார், சர்வீஸ் ஞாபகம் கடலூர் ஓ.டி.யில (ஓல்டு டவுன்) இருக்கிற இன்னொருத்தருக்கு வரும். பேர் ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு. புள்ளி வெச்சாலும் வெக்காட்டியும் ஜிமெயிலுக்கு ஒரே முகவரிதான். லாஸ்பேட்டைக்காரர் புள்ளி ஒண்ணு சேர்த்தா புதுசாயிடும்னு நெனச்சு ஷோரூம்ல எழுதிக் கொடுத்திருப்பார். இதை ஸ்பேம்ல போட்டா நாளைக்கு உங்க சொந்த வண்டியோட மெயிலும் சேர்ந்து ஸ்பேமுக்குப் போகலாம். ‘டு’ வரியில எங்க புள்ளி இருக்குன்னு பாருங்க. அனுப்புற கம்பெனியோட கஸ்டமர் கேர்ல முகவரியை எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலன்னா அந்த அனுப்புநருக்கு ஒரு ஃபில்டர் போட்டுத் தனி லேபிள்ல தள்ளுங்க. ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ அமுக்கி அவர் கணக்குக்குள்ள மட்டும் போயிடாதீங்க, அது குத்தம். இன்சூரன்ஸ் முடியப் போகுதுன்னு வந்தா, அந்த லேபிளைத் திறந்து பாவம் அவருக்காகக் கவலைப்பட்டுக்கலாம்.