ஒரு வரி மொய்க்கு 180 ஜிபி

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எதற்குப் பத்திரிகை வந்தாலும் முதலில் தேடுவது பழைய மொய் நோட்டைத்தான். அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். குறைந்தால் ஊர் பேசும். ரொம்பக் கூடினால் வீடு பேசும்.

மாமா காலத்தோடு போகிற ஆள். 2012-ல் புது வீடு குடிபோனபோது வந்த மொய்யை டைப்பிங் சென்டரில் கொடுத்து எக்செல்லில் ஏற்றி வைத்துக்கொண்டார். கரையான் நோட்டைத் தின்னும், கம்ப்யூட்டரைத் தின்னாது என்பது அவர் கட்சி. நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போனது.

2019-ல் அந்தக் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடக்க, கடைக்காரர் அதிலிருந்த மொத்தத்தையும் இமேஜ், அதாவது டிஸ்கின் அச்சு அசல் நகல், எடுத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு, "எல்லாமே இதுக்குள்ள பத்திரமா இருக்கு சார்" என்று கொடுத்தார். மாமா அதை பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை.

போன மாதம் ஆண்டிபட்டியிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வந்தது. டிஸ்கைப் புது லேப்டாப்பில் செருகினால் உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர்: விண்டோஸ்இமேஜ்பேக்கப். மொய்யும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமா கடைக்குப் போன் போட்டார்.

"அது மொத்தமா ரீஸ்டோர் பண்ற இமேஜ் சார். ஒரு ஃபைல் மட்டும் தனியா வராது. லேப்டாப்பைக் கொண்டாங்க, அழிச்சுட்டு ஏத்தித் தந்துடுறேன்."

ஆண்டிபட்டிக்காரர் 2012-ல் எவ்வளவு செய்தார் என்று தெரிந்துகொள்ள, புது லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் துடைக்க வேண்டும். மாமா கிளம்பியே விட்டார். "எதுக்கும் மாப்ளையை ஒரு வார்த்தை கேளுங்க" என்று தடுத்தது அத்தை.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸின் அந்தப் பழைய பேக்கப் வசதி, இமேஜிலிருந்து ஃபைலைத் தனியாகத் தேர்ந்தெடுக்க விடாது. (விண்டோஸ் 10-லும் 11-லும் அதற்குப் பெயர் இன்னமும் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7' என்றுதான் இருக்கிறது. 2017-லேயே கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தார்கள்; இன்னும் போகவில்லை.) ஆனால் அந்த ஃபோல்டருக்குள் இருப்பது விஹெச்டிஎக்ஸ் என்ற வகை ஃபைல். அதாவது ஒரு முழு ஹார்ட் டிஸ்க்கே ஃபைல் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரீஸ்டோர் செய்யாமலே அதை ஒரு டிரைவாகத் திறந்து பார்க்கலாம். இன்னொன்று, பழைய டிஸ்க் 500 ஜிபி, புது லேப்டாப்பில் 256 தான். சின்ன டிஸ்கில் அந்த இமேஜ் ஏறவே ஏறாது. அழித்த பிறகுதான் அது தெரிந்திருக்கும்.

போய் உட்கார்ந்தேன். உள்ளே நீள நீளப் பெயரில் சில விஹெச்டிஎக்ஸ். சின்னது பூட் சம்பந்தப்பட்டது, நமக்கு வேண்டாம். 180 ஜிபி தடியன்தான் நம் ஆள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'அட்டாச் விஹெச்டி' கொடுத்து, 'ரீட் ஒன்லி' கட்டத்தில் மறக்காமல் டிக் போட்டேன். இல்லாவிட்டால் நாம் சும்மா எட்டிப் பார்ப்பதிலேயே பேக்கப் மாறிவிடும். டிரைவ் எழுத்து வரவில்லை. அதையும் கையால் கொடுத்தேன். பழைய சி டிரைவ் அப்படியே எழுந்து வந்தது.

"என் கம்ப்யூட்டர்டா!" என்றார் மாமா.

அவர் கம்ப்யூட்டர்தான், ஆனால் அவர் பெயரிலிருந்த ஃபோல்டர் அவரையே உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை என்றது. 'கன்டினியூ' அழுத்தினாலும் மறுத்தது. காரணம் எளிது: அந்தப் பட்டன் ஃபோல்டரின் அனுமதியையே திருத்தி எழுதப் பார்க்கும், நாமோ எழுத விடாமல் பூட்டியிருக்கிறோம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையால் டெஸ்க்டாப் ஃபோல்டரை அள்ளினேன். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியதும் மாமா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மொய் என்ற பெயரில் எந்த ஃபைலும் இல்லை. புக்1, புக்1 காப்பி, புக்1 புதுசு, புக்1 புதுசு கடைசி. 'கடைசி'யைத் திறந்தால் வரிசை வரிசையாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"வைரஸா மாப்ள?"

இல்லை, பாமினி. யூனிகோடு பரவாத காலத்துத் தட்டச்சு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாப் பெயரும் இப்படித்தான் தெரியும். இங்கேதான் முழு இமேஜ் எடுத்த கடைக்காரரைக் கும்பிடத் தோன்றியது. டாக்குமெண்ட்டை மட்டும் காப்பி எடுத்திருந்தால் எழுத்துரு வந்திருக்காது. இமேஜின் விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபாண்ட்ஸில், பாமினி சமர்த்தாக இருந்தது. எடுத்து இன்ஸ்டால் செய்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் தமிழில் வந்து நின்றார்கள்.

ஆண்டிபட்டி: 1001 ரூபாய், ஒரு சில்வர் குடம். விஷயம் முடிந்தது. மூடியிருக்கலாம். ஆனால் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில் மாமா மனம் விட்டு எழுதியிருந்தார். அத்தையின் விரல் திரையில் இறங்கி இறங்கித் தன் அண்ணன் பெயரில் நின்றது. தொகை 201. குறிப்பு: 'சாப்பிட்டது 11 பேர்.'

அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது.

மாமா முதல் வேலையாக லேப்டாப்பில் இருந்த அந்த வரியை அழித்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பழைய டிஸ்குல இருக்குறதையும் எடுத்துடுடா" என்றார். அது ரீட் ஒன்லி, உள்ளே எதையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது, அதுதான் பேக்கப் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி மாப்ள. அந்த டிக்கை எங்க எடுக்குறது?"