ரிமோட் என் கையில் இருந்தது

அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியது சரிதான் என்று இன்றைக்குக் காலையில்கூடச் சொல்லிக்கொண்டேன், கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே சரியாக இருந்திருந்தால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

இந்த ஊர் முதியோர் இல்லங்களில் ஆக்டிவிட்டி வேலை பார்ப்பவர்களுக்கு அக்டோபர் மாதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பூசணிக்காய், காகித வௌவால், சர்க்கரை இல்லாத சாக்லேட், கடைசி வாரத்தில் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்கு என்று ஒரு படம். ரத்தம் கூடாது. அதே சமயம் "எங்களைக் குழந்தைகள் என்று நினைத்தாயா" என்று யாரும் கேட்டுவிடவும் கூடாது. நான் 'வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்' படத்தை எடுத்தேன். 1962-ல் வந்தது, கறுப்பு வெள்ளை. பெட்டி டேவிஸும் ஜோன் கிராஃபோர்டும் சகோதரிகளாக நடித்தது. இளமையில் தியேட்டரில் பார்த்த முகங்கள், பழைய பேச்சு கிளம்பும் என்று காரணம் எழுதி மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கினேன். படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டேனா என்றால், இல்லை. கதைச் சுருக்கம் படித்தேன், ட்ரெய்லர் பார்த்தேன். மாதத்துக்கு நாற்பது நிகழ்ச்சி நடத்துகிறவள் 134 நிமிடப் படத்தை எப்போது உட்கார்ந்து பார்ப்பது? இதைச் சொல்லும்போதே இது சாக்கு என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் பொய் இல்லை.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள், அதில் பதினொரு பேர் பெண்கள். ஒன்பது சக்கர நாற்காலி. காது கேட்காதவர்களுக்காக எழுத்து ஓடவிட்டு, இரண்டு பேரைப் பாத்ரூமுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து, படம் சூடுபிடிக்க நேரமாகிவிட்டது.

பெட்டி டேவிஸ் அந்த வெள்ளை மாவு முகத்தோடு திரையில் வந்தபோது நான் இவர்களைத்தான் பார்த்தேன். ஜேன் ஒருகாலத்தில் மேடையில் கொடிகட்டிப் பறந்த குழந்தை நட்சத்திரம். இப்போதும் அதே குழந்தைச் சுருள்முடி, உதட்டில் இதய வடிவில் சாயம். அந்த ஒப்பனை டேவிஸ் தானே யோசித்துப் போட்டுக்கொண்டது. ஜேன் முகம் கழுவவே மாட்டாள், நேற்றுப் பூசியதன் மேல் இன்றைக்கு இன்னொரு பூச்சு பூசுவாள் என்பது அவருடைய கணக்கு. நாள் தவறாமல் மூன்று மணிக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வரும் அம்மாக்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கை நடுக்கத்தில் உதட்டை விட்டுச் சாயம் வெளியே போயிருக்கும். ஐயோ, புண்பட்டுவிடுவார்களோ என்று வயிற்றைக் கலக்கியது. அவர்களோ சிரித்தார்கள். சும்மா புன்னகை இல்லை, தோள் குலுங்கச் சிரித்தார்கள். "இவளுக்கு என்ன வயது அப்போது?" என்று ஒருவர் கேட்டார். போனில் பார்த்து, ஐம்பத்துநான்கு என்றேன். "சின்னப் பெண்!" என்றார் 27-ம் அறை அம்மா. "என் மகளே அதைவிடப் பெரியவள்."

எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று முடிந்திருந்தது. அதை அங்கே நான் சொல்லவில்லை.

27-ம் அறை அம்மா. பேர் சொல்லக் கூடாது, எண்ணே இருக்கட்டும். வயது எண்பத்தைந்து. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இடுப்புக்குக் கீழே சரியாக வராது, மனது தெளிவு. எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் இல்லத்து வழக்கம். எனக்கு இத்தனை வருடமாகியும் வாய் வரவில்லை, 'மேம்' என்பேன். அவர் என்னை 'ஹனி' என்பார்.

கதை தெரிந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். மாடி அறையில் சக்கர நாற்காலியோடு முடங்கிக் கிடக்கிறாள் ஜேனின் சகோதரி பிளான்ச், கிராஃபோர்ட் நடித்தது. ஜன்னலில் கம்பி வேலைப்பாடு. எது வேண்டுமென்றாலும் பஸ்ஸரை அமுக்கித் தங்கையையோ அக்காவையோ (யார் மூத்தவள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை) கூப்பிட வேண்டும். ஜேன் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள், மேலே குவிந்த வெள்ளி மூடி. முதலில் ஒருநாள் மூடியைத் திறந்தால், பிளான்ச் ஆசையாக வளர்த்த பறவை. அதன் பிறகு மூடியைத் திறக்கவே கை வராமல் பட்டினி கிடப்பாள். அப்புறம் இன்னொரு தட்டு. நம் வீட்டு நிலவறையில் எலி இருக்கிறது, தெரியுமா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஜேன் கீழே போவாள். பிளான்சின் கை மூடியை நோக்கி நீளும்.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் சாப்பாட்டு வண்டி உள்ளே வந்தது. மூன்று அடுக்கு. ஒவ்வொரு தட்டின் மேலும் மெரூன் நிறத்தில் குவிந்த பிளாஸ்டிக் மூடி, நடுவில் விரல் நுழைக்க ஓட்டை.

பதினான்கு தலையும் வண்டியைப் பார்த்தன, திரையைப் பார்த்தன. நான் ரிமோட்டை அமுக்கினேன். கிராஃபோர்டின் கை அந்தரத்தில் நின்றது.

"டின்னர் வந்தாச்சு! மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்!" என்றேன். இந்த வேலைக்கு என்று ஒரு குரல் இருக்கிறதே, கடைசி எழுத்தைத் தூக்கிச் சொல்வது, அந்தக் குரலில்.

"அவள் திறக்கட்டும், விடு" என்றார் 27.

"பயமாக இருக்கும், மேம்."

"யாருக்கு?"

நான் சிரித்தேன். இதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பதில் சொல்லவில்லை, சிரித்தேன். "சாப்பாடு ஆறிப்போய்விடும்" என்றேன்.

"அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், ஹனி. அறுபத்திரண்டிலேயே பார்த்துவிட்டேன். அவளுக்குத்தான் தெரியாது."

டிவியை அணைத்துவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதற்கு அன்றைக்கு மாலை என்னிடம் மூன்று காரணம் இருந்தது. ஒன்று, சாப்பாடு. தட்டு வந்தபின் ஆறவிட்டால் கிச்சன்காரர்கள் சத்தம் போடுவார்கள். இரண்டு, ஓரத்தில் இருந்த ஞாபக மறதி அம்மா போர்வையின் நூலை இழுத்து இழுத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் அவர்களில் சிலருக்குப் பதற்றம் ஏறும், அதை நாம் தூண்டிவிடக் கூடாது. மூன்று, இப்படிப்பட்ட படத்தைப் போட்டாயா என்று யாருடைய மகளாவது மெயில் அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியது நான்.

மூன்றும் நியாயமானவை. ஆனால் சாப்பாட்டை ஐந்து நிமிடம் தள்ளி வைத்த நாட்கள் எத்தனையோ உண்டு, பிங்கோவில் யாராவது ஜெயிக்கப் போகும்போது. போர்வை அம்மா தினமும்தான் நூல் பிடுங்குவார், தேவாலயப் பாட்டு ஓடும்போதும். மெயில் எதுவும் வரவில்லை. வந்த ஒரே புகார், பாதியில் நிறுத்தியதைப் பற்றித்தான்.

எனக்குத்தான் பயமாக இருந்தது. எலியைப் பார்த்து இல்லை. தட்டை வைத்துவிட்டு இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போகிறவள் அந்த ஹாலில் யார் என்று அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று. யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். பார்த்தது நான்தான். இவர்களுக்கும் பஸ்ஸர் இருக்கிறது. அமுக்கினால் நாங்கள் வருகிறோம், அல்லது வரத் தாமதமாகிறது. கதவுக்குக் குறியீட்டு எண், அது எங்களிடம். வருடா வருடம் 'குடியிருப்போர் உரிமைகள்' என்று பயிற்சி எடுத்துக் கேள்வித்தாளும் எழுதுகிறோம். எனக்கு எப்போதும் இருபதுக்கு இருபது.

இது அதிகப்படியான கற்பனை என்கிறார் என் கணவர். "நீ ஒரு படத்தை நிறுத்தினாய், எலியைச் சமைத்தா போட்டாய்?" என்று கேட்டார். அவர் சொல்வதும் சரிதான்.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. மூடியைத் திறந்ததும் பிளான்ச் அலறி, சக்கர நாற்காலியைத் தானே சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். மேலேயிருந்து எடுத்திருப்பார்கள், பொறிக்குள் சுற்றுகிற பிராணி போல இருக்கும். அதோடு விட்டிருந்தால் நான் நிறுத்தியதே சரி என்று இருந்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் மாடிப்படியில் இறங்குகிறாள். நாற்காலியை விட்டுவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, செத்த கால்களை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கீழே இருக்கும் டெலிபோனுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் இருந்தவர் அதைப் பார்த்திருக்க வேண்டாமா? நான் அவர்களுக்கு எலியை மறைக்கவில்லை, மாடிப்படியை மறைத்திருக்கிறேன்.

கடைசியில் கடற்கரையில் பிளான்ச் ஓர் உண்மையைச் சொல்வாள். பிளான்சின் கால்களை முடக்கிய கார் விபத்துக்காக இத்தனை வருடம் ஜேன் தலையில் இருந்த பழி ஜேனுடையது இல்லை. அன்றைக்குக் காரை ஓட்டி ஜேனை இடிக்கப் பார்த்தவள் பிளான்ச்சேதான். பாவம் என்று நாம் நினைத்தவள் முழுப் பாவம் இல்லை. பாதியில் நிறுத்திய எங்கள் ஹாலில் மட்டும் ஜேன் ராட்சசியாகவும் பிளான்ச் தெய்வமாகவும் உறைந்து நிற்கிறார்கள்.

அதற்கப்புறம் பித்துப் பிடித்த மாதிரி அந்த வகைப் படங்களாகத் தேடிப் பார்த்தேன். 1950-ல் வந்த 'சன்செட் புலவார்ட்', 1964-ல் 'ஹஷ் ஹஷ், ஸ்வீட் சார்லட்', அடுத்த வருடம் 'த நானி'. கிராஃபோர்ட் கோடாரியோடு வரும் 'ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட்' எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'ஹாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று கேலியாக ஒரு பேர், கிழவிகளைக் காட்டிக் காசு பார்ப்பது என்று அர்த்தம். காசு பார்த்தார்கள்தான். நட்சத்திரமாக இருந்தவளுக்கு வயதாவதையே பயங்கரமாகக் காட்டுவதில் ஓர் அசிங்கம் இருக்கிறதுதான். ஆனாலும் என் வயதை ஒட்டிய ஒரு பெண் இரண்டு மணி நேரம் திரையை விட்டு நகராமல், கோபமாக, விகாரமாக, ஆசையோடு, அடுத்து என்ன செய்வாள் என்று யாராலும் சொல்ல முடியாதபடி நின்று வேறு எங்கே பார்த்தேன்? நல்ல பாட்டியாக இருக்க வேண்டிய கட்டாயம் இவர்களில் யாருக்கும் இல்லை. எங்கள் இல்லத்தில் எல்லோரும் நல்ல பாட்டிகள். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பேபி ஜேனில் நடித்து முடித்த கையோடு, படம் வெளிவரும் முன்பே, டேவிஸ் 'வெரைட்டி' பத்திரிகையில் வேலை கேட்டு ஒரு விளம்பரம் கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், விவாகரத்தானவர், சினிமாவில் முப்பது வருட அனுபவம், ஹாலிவுட்டில் நிலையான வேலை தேவை என்கிற பாணியில். இரண்டு ஆஸ்கார் வாங்கியவர். விளையாட்டுக்கு என்று அவர் பிறகு சொன்னாலும், நாற்பத்தெட்டு வயதில் இங்கே வந்து, பதினெட்டு வருட ஆசிரியர் அனுபவத்தை ஒற்றைப் பக்கத்தில் அடக்கிக் கடை கடையாகக் கொடுத்தவளுக்கு அதில் விளையாட்டு தெரியவில்லை. அந்தத் தாளில் 'பொறுமைசாலி, இனிமையாகப் பழகுவேன்' என்று எழுதியிருந்தேன். அதற்காகத்தான் இந்த வேலை கிடைத்தது. அந்த இனிமையைத்தான் அன்றைக்கு 27-ம் அறை அம்மாவிடம் காட்டினேன்.

மீதிப் படத்தை நவம்பரில் போடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "நீயே நிறுத்திவிட்டு நீயே போடச் சொன்னால் நான் என்ன எழுதுவது?" என்றார். காலண்டரில் அந்த வியாழக்கிழமை 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்தது. 27 கீழே இறங்கி வரவில்லை. இடுப்பு வலி என்று எழுதியிருந்தார்கள். இருக்கலாம். நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் அறையிலேயே அந்தப் படத்தைப் போட்டிருக்கலாம், யார் தடுத்தார்கள்? இந்த யோசனை எனக்குப் பிப்ரவரியில்தான் வந்தது.

அதற்கு முன்னால், கிறிஸ்துமஸ் வாரத்தில், ஆள் குறைவு என்று எங்களையும் தட்டுக் கொடுக்க அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்த உதவிப்பெண் ஒருத்தியும் நானும் 27-க்குப் போனோம். அவள் தட்டை வைத்துவிட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மூடியை எடுக்கப் போனாள். அந்த அம்மா மூடியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"ஹனி, நம் கட்டடத்தில் எலி இருக்கிறதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ தொண்டையில் அடைத்தது. சிரித்தால் அன்றைக்குச் சிரித்தது மாதிரி ஆகிவிடுமோ என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் மெதுவாக விரலை ஓட்டையில் நுழைத்து மூடியைத் தானே தூக்கினார். மசித்த உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், ஒரு துண்டு மீன்.

வெளியே வந்ததும் உதவிப்பெண் கவலையோடு கணினியில் ஏதோ பதிந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பூச்சி மருந்து கம்பெனிக்காரர் வந்து 27-ம் அறைக் கட்டிலுக்கு அடியில் இரண்டு எலிப்பொறி வைத்துவிட்டுப் போனார்.