தொண்டு முடித்து ஊருக்கு வந்து வேலையில் சேருமுன்

வெளிநாட்டில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தொண்டராக இருந்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரப்போகிறவர்களுக்கு முதல் வேலை தொண்டு செய்த அந்த நாட்டிலேயே இருக்கிறது. சேவைக் கடிதத்தைக் கையோடு வாங்கிவிட்டு வெளிக்கிடுங்கள். இத்தகைய கந்தோர்களில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் மின்னஞ்சல் போடும்போது உங்களைத் தெரிந்தவர் அங்கே இல்லாமல் போகலாம்.

கடிதத்தில் தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன பொறுப்பு, எவ்வளவு பணத்துக்குக் கணக்குக் காட்டினீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். “அர்ப்பணிப்புடன் பணியாற்றினார்” என்ற வரியை வைத்து நேர்முகத்தில் எதுவும் கதைக்க முடியாது. பொறுப்பாளரின் சொந்த மின்னஞ்சலையும் கேட்டு வையுங்கள். கடிதம் பிரெஞ்சிலோ போர்த்துக்கேய மொழியிலோ இருந்தால், ஆங்கிலப் பிரதி ஒன்றையும் அங்கேயே ஒப்பமிட்டு வாங்குவது இங்கே மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதைவிடச் சுலபம்.

அந்நாட்டுப் பொலிஸ் நற்சான்றும் அப்படித்தான். சிறுவர்களோடு வேலை செய்யும் நிறுவனங்கள் அதைக் கேட்கும். சில நாடுகள் விரலடையாளம் வேண்டும் என்பதால், திரும்பி வந்த பிறகு தூதரகம் வழியாக எடுக்க மாதக்கணக்கில் இழுபடும்.

வந்ததும் உடம்பைக் கவனியுங்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. அதனாலேயே இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும், அதுவும் மாரி காலத்தில். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் தான் எந்த நாட்டில் இருந்தேன் என்பதை வைத்தியரிடம் தானாகவே சொல்ல வேண்டும், மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கும்படி கேட்கவும் வேண்டும். ஒருவகை மலேரியா ஈரலில் தங்கியிருந்து பல மாதம் கழித்தும் எழும்பும். தடுப்பு மாத்திரையை ஊருக்கு வந்தாயிற்று என்று நிறுத்திவிடாதீர்கள்: மெஃப்ளோகுயினும் டொக்சிசைக்ளினும் திரும்பிய பின் நான்கு கிழமை, அடோவாகுவோன்-புரோகுவானில் ஏழு நாள்.

இனி நியமனக் கடிதம். சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் திரும்பி வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை. தொண்டர் படியில் பழகியவர்களுக்கு எந்தத் தொகையும் பெரிதாகத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நிறுவனம் மட்டும் 3 வீதம். 80,000 ரூபா சம்பளம் என்றால் உங்களுக்கு 6,400 கழியும். நிறுவனம் அதற்கு மேல் 9,600 உம் 2,400 உம் கட்ட வேண்டும். பேசப்பட்ட தொகை கழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள். “ஊக்குவிப்புத் தொகை” என்று எழுதியிருந்தால் இந்த நிதிகள் கட்டப்படுமா என்று அங்கேயே விசாரியுங்கள். செயற்றிட்டத்தின் நிதி எந்த மாதத்தோடு முடிகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோல் காசும் பேச வேண்டிய விடயம். நெடுந்தீவுக்கு ஒரு வெளிக்களப் பயணம் என்றால், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகேறித் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். கடல் கொந்தளித்தால் பயணமே இல்லை.

களத்தில் முதல் மாதம் எதையும் தொடங்காமல் ஆட்களைச் சந்திப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். பிரதேச செயலகத்துக்குத் தெரியப்படுத்தி, விதானையாரை (கிராம அலுவலரை) கண்டு, சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்கரைக் கிராமமென்றால் மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்று போக வேண்டும். இந்த வரிசை மாறினால், பின்னுக்குக் கேள்விப்பட்டவர் மனம் கோணுவார். “அங்கே நாங்கள் இப்படிச் செய்தோம்” என்று தொடங்கும் பேச்சை அந்த மாதம் முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். கேட்கும் சனம் வாயை மூடிவிடும்.

அதிகம் சிக்கல் வருவது பயனாளி தெரிவில். விதானையார் தரும் பட்டியலோடு நின்றால், மூன்று நிறுவனங்களின் பட்டியலிலும் ஒரே பெயர்கள் இருக்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஓரிடத்தில் பதிவும் இன்னோரிடத்தில் குடியிருப்புமாக இருப்பவர்கள் உண்டு. எந்தப் பட்டியலிலும் அவர்கள் விழமாட்டார்கள். சகோதரன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் கணவனை இழந்த பெண்ணும் அப்படித்தான், குடும்ப அட்டை சகோதரனுடையது. ஆகவே பட்டியலைச் சனசமூக நிலையத்தில் வாசித்து, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஒரு கிழமை அறிவித்தற்பலகையில் ஒட்டி, ஆட்சேபங்களை எழுத்தில் வாங்கிய பிறகே முடிவாக்குங்கள். இதற்கு மூன்று கிழமையாவது வேண்டும். இதைச் சுருக்கினால், கொடுத்த தையல் இயந்திரத்தைவிட ஊரில் விதைத்த கோபம்தான் நெடுநாள் நிற்கும்.

கூட்டம் வைக்கும் நாளும் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாளிலும் வரவு குறையும். வெள்ளி பின்னேரம் கோயில். கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் ஞாயிறு பூசைக்குப் பின் ஆட்கள் கரையில் இருப்பார்கள்.

பல நிறுவனங்களின் நிதியாண்டு டிசம்பரோடு முடிகிறது, அதனால் வேலைகள் வருடக் கடைசியில் குவியலாம். இங்கே மாரி ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிலத்தடி நீர் விறுவிறென்று மேலேறும். வெட்டிய மலசலகூடக் குழி நிரம்பி நிற்கும், அந்த அழுக்கு பக்கத்துக் கிணற்றுக்குப் போகவும் வழியுண்டு. குழி வெட்டும் வேலையெல்லாம் செப்டெம்பருக்குள் முடியும்படி வேலைத்திட்ட அட்டவணையை முதல் மாதத்திலேயே எடுத்துப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் நன்கொடையாளருக்கு அப்போதே காரணத்தோடு எழுதுங்கள்.