ஜூன் மாதத்து ஆறாம் வகுப்பு

நீலகிரியின் பந்தலூர்ப் பக்கம் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, தேயிலைக்குள் நடந்து ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளை, நனைந்த காலுறையோடும் அட்டைக் கடியோடும்தான் வந்து நிற்கும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சட்டென்று உறையாது, கசிந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் காலுறையில் சிவப்புத் திட்டு. பக்கத்து பெஞ்சு சிரிக்க வேறென்ன வேண்டும்?

அதற்காகவே நம் பள்ளி வராந்தாவில் ஒரு வாளித் தண்ணீர், குச்சி நுனியில் கட்டிய உப்புக் கிழி, பழைய துணி எல்லாம் இருக்கும். பஜார் பிள்ளைகளும் கால் கழுவித் துடைத்துத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். எஸ்டேட் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்தால் கேலிக்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கும்.

பாடம் தமிழில். வீட்டிலோ மலையாளம், கன்னடம், பணியர் பழங்குடிப் பேச்சு என்று ஆளுக்கொன்று. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு, பேசும் தமிழுக்கே கேலி கிடைத்தது. புதியவருக்குத் துணையாக இருவரைப் போடுவார்கள்: ஒருவர் அதே வழியில் நடந்து வருபவர், இன்னொருவர் பஜார்க்காரர். ஒருவரை மட்டும் போட்டால், அவர் லீவு போட்ட அன்று புதியவர் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். முதல் மார்க்குக்காரரைப் போடவே கூடாது. இரண்டே நாளில் குட்டி வாத்தியார் ஆகிவிடுவார்.

எல்லாவற்றிலும் கெட்டிக்கார ஏற்பாடு மழைமானிதான். காலை 8.30க்கு நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீர்மட்டத்தின் அடி வளைவைப் படித்து, கரும்பலகையில் மில்லிமீட்டரில் எழுத வேண்டும். தேவாலாப் பக்கத்து மழைக்கு ஒரு குவளை போதாது. கொட்டிவிட்டு மறுபடி அளந்து கூட்ட வேண்டும். எண் தெரிந்தால் போதும், பேச்சு வழக்கு குறுக்கே வராது. இந்த வேலை ஒருவரிடம் இரண்டு வாரம் இருக்கும். தினம் ஆள் மாற்றினால் யார் வராததும் தெரியாது; இரண்டு வாரம் எழுதியவர் ஒரு நாள் வராவிட்டால் பலகை காலியாக இருக்கும், வகுப்பே தேடும்.

விளையாட்டை மதிய இடைவேளைக்கு மாற்றியதும் நல்ல யோசனை. நாலரை பஸ்ஸை விட்டால் வீடு சேர முடியாதவர்கள் மாலை ஆட்டத்தில் எப்படி நிற்பார்கள்?

நம் பழைய மாணவர் சங்கத்தில் எப்போதும் கட்டட நிதிப் பேச்சுதான். அதில் ஒரு பங்கை மாற்று ஸ்வெட்டருக்கும் காலுறைக்கும் ஒதுக்கலாம். ஆறாம் வகுப்பு அளவில், கொடுத்தவர் பெயர் அச்சடிக்காமல், பள்ளிச் சீருடை நிறத்திலேயே இருக்கட்டும். மே கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்டில் போனால் பாதி மழை முடிந்திருக்கும்.